சேம்பர்லின் பதவிக்குத் தமிழில் என்ன போடலாம்?

1940 மே மாதத்தில் நடக்கும் சர்ச்சில் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுகிறோம். மே 26 முதல் 28 வரையிலான போர் அமைச்சரவைக் காட்சிகளில் சிக்கல். ஹாலிஃபாக்ஸ் வெளியுறவு அமைச்சர், கிரீன்வுட் இலாகா இல்லாத அமைச்சர். இவற்றுக்குச் சொல் இருக்கிறது. சர்ச்சிலுக்கு முன் பிரதமராக இருந்த சேம்பர்லின் அப்போது 'லார்ட் பிரசிடென்ட் ஆஃப் த கவுன்சில்', அதாவது பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சிலின் தலைவர். 'கவுன்சில் தலைவர்' என்றால் நகராட்சி வாடை அடிக்கிறது. 'லார்ட் பிரசிடென்ட்' என்றால் குடியரசுத் தலைவர் என்று நினைத்துவிடுவார்கள். 'பிரிவி கவுன்சில் தலைவர்' சரிதான், ஆனால் பலருக்குப் பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே போன மேல்முறையீட்டு வழக்குதான் நினைவுக்கு வரும். திரையில் 2 வினாடிதான் நிற்கும், ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். வேறு சொல் உண்டா?