காலரா நச்சில் ஏ1 எப்படிக் கழல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, பாக்டீரியா நச்சுப் புரதங்கள் பற்றி வகுப்பெடுக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். காலரா நச்சில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அமைப்பு வரை சரி. தலா 103 அமினோ அமிலங்கள் கொண்ட ஐந்து பி துணையலகுகள் வளையமாகக் கூடி, குடல் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 கொழுப்பைப் பிடித்துக்கொள்கின்றன. வளையத்தின் மேல் ஏ துணையலகு உட்கார்ந்திருக்கிறது. அதன் ஏ2 பகுதி, ஊசியில் நூல் கோத்த மாதிரி, நடுத்துளைக்குள் இறங்குகிறது. திரையில் சுழற்றிப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை! செல்லுக்குள் போய் நாசவேலை செய்வது ஏ துணையலகின் இன்னொரு பகுதியான ஏ1. ஏ2-வோடு அதைக் கட்டிவைப்பது ஒரு டைசல்ஃபைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு).

சிக்கல் இங்கேதான். எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் புரதங்கள் மடியும் சவ்வு வலை) அந்தப் பிணைப்பு அறுந்தபின், ஏ1-ஐப் பிரித்து அதன் மடிப்பையும் அவிழ்ப்பது பிடிஐ (புரத டைசல்ஃபைடு ஐசோமரேஸ்) என்ற நொதியா? அல்லது நொதி பிரித்துவிட்டால் போதும், 37 டிகிரி வெப்பத்தில் ஏ1 தானே தளர்ந்துவிடுகிறதா? இரண்டு விதமாகவும் படித்துவிட்டேன்.

டிப்தீரியா நச்சு எவ்வளவோ தேவலை. எண்டோசோமின் (செல் வெளியிலிருந்து உள்ளிழுக்கும் பொருள்கள் சேரும் சவ்வுப் பையின்) அமிலத்தன்மை பட்டதும் அதன் நடுக்களம் சவ்வுக்குள் நுழைந்துவிடுகிறது, கதை முடிந்தது.

புரத வேதியியல் படித்தவர்கள் விளக்குங்களேன். எளிய படம் இருந்தாலும் அனுப்புங்கள், வகுப்பு வியாழக்கிழமை.