அப்பாவின் நம்பர் பழக்கத்தை விட வைக்க வழி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி ஓய்ந்த என் அப்பாவுக்கு வயது 61. எட்டு வருஷமாக புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் லாட்டரி நம்பர் எடுக்கிறார், தடவைக்கு 30 வெள்ளி. போன தீபாவளிக்கு முன் ஒருமுறை அடித்தது, அப்புறம் இன்னும் கூடிவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டியது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது.

திட்டினோம். வங்கி அட்டையை வாங்கி வைத்தோம், கடன் வாங்கினார். எடுக்காத நாளில் அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தோம், இரண்டு வாரம் தாங்கியது.

"நானா நினைச்சா விட்டுடுவேன்" என்கிறார். சுயவிருப்பமே கிடையாது, சூழல்தான் எல்லாம் என்றார் ஸ்கின்னர். நான் அப்பாவைத்தான் நம்புகிறேன்.

அவராகவே விட்டதாக அவர் உணர, குலுக்கல் நாள் மாலையில் அவரை எதில் ஈடுபடுத்தலாம்?