அப்பாவின் கிளவுட் கணக்கு திறக்கவில்லை: ஃபோன் வாய்க்காலில், ஓடிபி செத்துப்போன நம்பருக்கு

தடப்பள்ளிக்காரன் (கோபி பக்கம்)

வணக்கங்க. போன வாரம் அப்பா மஞ்சள் காட்டுக்குத் தண்ணி திருப்பப் போனார். மடையைத் திறக்கக் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த ஃபோன் தடப்பள்ளி வாய்க்காலில் விழுந்துவிட்டது. கொடிவேரி அணையில் தண்ணி திறந்துவிட்டிருந்த நேரம். நானும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் இறங்கித் துழாவினோம், கையில் சேறுதான் வந்தது.

புது ஃபோன் வாங்கிக் கொடுத்தோம். "எல்லாம் கிளவுடில் கிடக்குதுங்கப்பா, உள்ளே போனால் தானாக வந்துரும்" என்று தைரியம் சொன்னது நான்தான். பாஸ்வேர்டு உரக்கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. போட்டால் ஏற்றுக்கொள்கிறது. அடுத்து, 72-ல் முடியும் நம்பருக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அது அப்பாவின் பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், யாரோ ஒரு அம்மா எடுத்து "ராங் நம்பருங்க" என்றார்.

உள்ளே இருப்பவை: பட்டா, வில்லங்கச் சான்று, என் மார்க் ஷீட் ஸ்கேன்கள். என் கல்யாணத்தில் தங்கச்சியோடு இணைச்சீர் சடங்கு நடந்த படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆத்தா பாடிய மூன்று கும்மிப் பாட்டு. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பாடியதை அப்பா ஃபோனில் ரெக்கார்டு செய்திருந்தார். ஆத்தா போய் ஒரு வருஷம் ஆகிறது. அப்பா வேறு எதையும் கேட்பதில்லை. "பாட்டு வந்துருச்சா?" என்று காலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் கேட்கிறார்.

டவுனில் ஒரு கடைக்காரர் மூவாயிரம் கொடுத்தால் ஓடிபி இல்லாமலே திறந்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கம்பெனி பேர் வேண்டாங்க, தப்பு எங்கள் பக்கம்தான்.

மூட்டைக்கணக்கு (ஈரோடு)

கொடுக்காதீங்க தம்பி. ஓடிபி இல்லாமல் வெளியாள் ஒருத்தர் திறக்க முடிகிற கணக்கென்றால் அதில் எதையும் வைக்கவே கூடாது. கடைக்காரருக்கு வேண்டியது அந்த மூவாயிரம், இல்லாவிட்டால் உங்கள் பாஸ்வேர்டு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" நம்பர்களுக்கும் கூப்பிடாதீங்க. ஏற்கெனவே பணம் ஏதும் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குச் சொல்லுங்க.

மஞ்சளைக் குடோனில் போட்டுவிட்டு ரசீதைத் தொலைத்த கதைதான் இது. மூட்டை அங்கேயேதான் இருக்கிறது, உங்களுடையது என்று காட்டத்தான் வழியில்லை.

இரண்டு கேள்வி. அப்பா இப்போது வைத்திருந்த நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கியாச்சா? இதே கணக்கு வேறு எந்தக் கருவியிலாவது திறந்து கிடக்கிறதா? பழைய டேப், டிவி, கடைக் கம்ப்யூட்டர், எதுவானாலும் யோசித்துப் பாருங்க. அதுவரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டாம், நிறையத் தடவை தப்பாகப் போட்டால் கொஞ்ச காலத்துக்குப் பூட்டிவிடுவார்கள்.

தடப்பள்ளிக்காரன்

சிம் நேற்றுதான் வாங்கினோம். எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை, சிம்மே கோளாறோ என்று பயந்துவிட்டேன்.

வேறு கருவி என்றால்... திருப்பூரில் தங்கச்சி வீட்டில் ஒரு டேப் இருக்கிறது. மருமகன் கார்ட்டூன் பார்ப்பதற்காக அப்பா கணக்கைத்தான் போட்டுக் கொடுத்தோம். திரை உடைந்து செலோடேப் ஒட்டியிருக்கிறது.

பனியன்கம்பெனி ஐடி (திருப்பூர்)

எஸ்எம்எஸ் பற்றிக் கவலை வேண்டாங்க. சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பது விதி. சிம்மைத் திருடி ஓடிபி வாங்குகிறவர்களுக்காக வைத்தது.

அந்த டேப்தான் இப்போது உங்கள் சாவி. தங்கச்சிக்கு உடனே ஃபோன் போடுங்க: ரீசெட் செய்யக் கூடாது, கணக்கிலிருந்து வெளியேறக் கூடாது, சார்ஜ் போட்டு வைஃபையில் வைக்கணும். நீங்கள் புது ஃபோனை எடுத்துக்கொண்டு திருப்பூர் போய் அதே வைஃபையில் உட்காருங்க. கணக்கு வழக்கமாகத் திறந்த இடமும் கருவியும் என்றால் சந்தேகம் குறையும். பாஸ்வேர்டு போட்டதும் "வேறு வழியில் முயற்சி" என்பதைத் தொடுங்க. டேப்பில் "உள்ளே வருவது நீங்கள்தானா?" என்று கேட்க வாய்ப்பு அதிகம்.

திறந்ததும் படம் பார்க்க உட்காராதீங்க. முதலில் பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடணும். அப்புறம் ஓடிபி வராதபோது போட உதவும் பேக்கப் குறியீடுகளை அச்செடுத்துப் பத்திரம் வைக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிடுங்க.

தடப்பள்ளிக்காரன்

திறந்துவிட்டதுங்க! மருமகன் கையாலேயே "ஆம்" அழுத்தினான். அவனுக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் கொடுக்கணும்.

ஆனால் இரண்டு விஷயம் உதைக்கிறது. கல்யாணப் படங்கள் பாதிதான் இருக்கின்றன, இந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் எடுத்த எதுவும் இல்லை. ஆத்தா பாட்டு ஒன்றுகூட இல்லை.

பனியன்கம்பெனி ஐடி

எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்லவில்லை. பலரும் வைத்திருக்கும் கூகுள் கணக்கை வைத்துச் சொல்கிறேன், மற்றவையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

பொங்கலோடு நின்றதற்குக் காரணம் இடம் நிறைந்திருக்கும். இலவசம் 15 ஜிபி. மெயில், படங்கள், டிரைவ் எல்லாம் அதற்குள்தான். 2021 ஜூன் 1-க்கு முன்னால் தரம் குறைத்து ஏற்றிய படங்கள் அதில் சேராது, அதற்கப்புறம் எல்லாமே சேருகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே கணக்கில். நிறைந்ததும் பேக்கப் நின்றுவிடும். எச்சரிக்கை வந்திருக்கும், அப்பா தள்ளிவிட்டிருப்பார். எங்க அப்பாவும் அப்படித்தான்.

பாதிப் படம் போனதற்குக் காரணம் வேறு. ஃபோனில் இடமில்லை என்று அப்பா அழித்தாரா? படங்கள் ஆப்பில் (கூகுள் ஃபோட்டோஸ்) வைத்து அழித்தால் கிளவுடிலும் சேர்ந்தே அழியும். அது சிங்க், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைப்பது, தனி நகலாக வைக்கும் பேக்கப் இல்லை. குப்பைத்தொட்டியைப் பாருங்க, பேக்கப் ஆன படம் அழித்த நாளிலிருந்து 60 நாள் வரைக்கும் கிடக்கும்.

பாட்டுதான் சங்கடம். அந்த ஆப் படத்தையும் வீடியோவையும் மட்டும்தான் ஏற்றும், ஆடியோவைத் தொடாது. ஆத்தா பாட்டு கிளவுடுக்குப் போகவே இல்லைங்க.

தறிக்காரன் (சோமனூர்)

இதற்குத்தான் சொல்வது, கிளவுடே வேண்டாம். 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கிப் பீரோவில் வையுங்க. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவில் தேஜான் நகரில் இருக்கும் மத்திய அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்ததே, அரசு ஊழியர்கள் கோப்பு வைத்த ஜி-டிரைவில் 858 டிபி போனது போனதுதான். வேறு இடத்தில் நகல் இல்லை. கவர்மெண்டுக்கே அந்தக் கதி.

மூட்டைக்கணக்கு

தறிக்காரரே, அங்கே நடந்தது ஒரே இடத்தில் வைத்ததால் வந்த வினை. உங்கள் பீரோவும் ஒரே இடம்தான். எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்க் மேசையிலிருந்து விழுந்து டிக் டிக் என்று சத்தம் போட்டதோடு சரி. விதை மஞ்சளைக்கூட ஒரே குவியலாக வைக்க யோசிப்போம், வெள்ளம் வந்தால், பூச்சி பிடித்தால் என்ன செய்வது என்று. கிளவுடு ஒன்று, டிஸ்க் ஒன்று, இன்னொரு நகல் வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில்.

தம்பி, பட்டாவை நினைத்துத் தூக்கம் கெடுக்காதீங்க. பட்டா, சிட்டா அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம், வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில். மூலப் பத்திரம் காகிதமாக வீட்டில் இருக்குமே? அதுவே போனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். திரும்ப எங்கேயும் விண்ணப்பித்து வாங்க முடியாதது பாட்டு மட்டும்தான். அதை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினாரா என்று அப்பாவைக் கேளுங்க. வாங்கினவர் அப்போதே இறக்கியிருந்தால் அவர் ஃபோனில் இருக்கும்.

தடப்பள்ளிக்காரன்

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கணும்.

குப்பைத்தொட்டியில் 41 படங்கள் கிடைத்தன. இணைச்சீர் படங்களில் மூன்று அதில் இருந்தன, மற்றது போனதுதான். எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கி ஒரு டிஸ்க்கிலும் போட்டாச்சு. அந்த டிஸ்க் திருப்பூரில் தங்கச்சி வீட்டில் இருக்கும்.

பாட்டை அனுப்பினதாக அப்பாவுக்கு ஞாபகமே இல்லை. அம்மாதான் சொன்னார், காரியம் முடிந்த ராத்திரி சென்னிமலை அத்தைக்கு அனுப்பினார் என்று. அத்தை ஃபோனில் தேடினால் இரண்டு பாட்டு இருக்கிறது! நேற்று ராத்திரி அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். நடுவில் இடிகல் சத்தம் நின்று, "யாருடா அது, ஆட்டைக் கட்டுங்க" என்று ஆத்தா அதட்டுவதும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது பாட்டை அத்தைக்கு அனுப்பவே இல்லை போல. அத்தைக்கு அது பாதி வரைக்கும் தெரியுமாம், மீதி அவரோட சின்னம்மாவுக்குத் தெரியும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் உட்கார வைத்து எடுக்கப் போகிறோம். எம்பி3-யாக எடுத்தால் போதுமா, வேறு ஏதாவது வைக்கணுமா?

பனியன்கம்பெனி ஐடி

எம்பி3 போதுங்க. ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்க.