ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் வாசி:

2019 ஜூன். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த மாதம். எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். தினமும் எத்தனை தண்ணீர் லாரி சொல்வது என்று சங்கக் கூட்டத்தில் ஒரே சண்டை. சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று நானும் கீழ்வீட்டு மாமாவும் கிளம்பினோம்.

வீட்டுக்கு நாலு பேர் என்று 192 எழுதி வைத்திருந்தார்கள். கதவைத் தட்டி எண்ணினால் 163தான். நகரத்துக்கு அரசு வைத்திருக்கும் அளவு தலைக்கு 135 லிட்டர். அப்படியானால் 22,000 லிட்டர் போதும். ஆனால் மேல்தொட்டியை ஒரு வாரம் கவனித்ததில் நாளுக்கு 31,000 போய்க்கொண்டிருந்தது. ஆளாளுக்கு அடுத்த வீட்டு வாஷிங் மெஷினைக் கை காட்டினார்கள்.

மாமாதான் ராத்திரி அளக்கலாம் என்றார். பதினோரு மணிக்குத் தொட்டியில் குச்சியை விட்டுக் குறித்தோம், மறுபடி காலை நாலு மணிக்கு. ஊரே தூங்கியிருக்கிறது, நீர்மட்டம் 15 செ.மீ. இறங்கியிருக்கிறது! தொட்டியின் பரப்பு 10 சதுர மீட்டர், ஆக 1,500 லிட்டர். இரண்டொருவர் பாத்ரூம் போயிருப்பார்கள், அதைத் தள்ளினாலும் மணிக்கு 300 லிட்டர் பக்கம் ஒழுகல். ஒரு நாளைக்கு 7,000க்கு மேல். பெரும்பாலும் ஃபிளஷ் டேங்க், சத்தமே வராது.

அடுத்தது வரவு. மார்ச்சில் 200 லிட்டர் டிரம்மை எங்கள் போர்வெல் நாலு நிமிடத்தில் நிரப்பியது. ஜூனில் பதினோரு நிமிடம், அதுவும் 40 நிமிடம் ஓடியதும் காற்றுதான் வந்தது. மூன்று மணி நேரம் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி ஊறும். எப்படி இழுத்தாலும் நாளுக்கு நாலைந்தாயிரம் லிட்டர்தான். குதிரைத்திறன் கூடிய மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ஊறினால்தானே சார் இறைக்க முடியும்?

லாரியையும் அளந்தோம். 12,000 லிட்டர் என்று ரசீது. நிலத்துக்கடியில் இருக்கும் 15 சதுர மீட்டர் சம்ப் தொட்டியில் 80 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், ஏறியது 71. டிரைவரிடம் கேட்டால் ‘வழியில குலுங்குச்சு சார்’ என்றார்.

ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்களைப் போல 80 அடுக்ககம் குடித்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

முதுகுளத்தூர் பக்கம்:

எங்கள் ஊரில் லிட்டர் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. நோட்டும் கையுமாகப் போன என்னிடம் ஒரு அப்பத்தா, ‘எனக்கு மூணு குடம், மாட்டுக்கு அஞ்சு குடம், எழுதிக்கப்பா’ என்றார். கிராமங்களுக்கு வீட்டுக் குழாயில் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் தலைக்கு 55 லிட்டர் என்கிறது. அதில் மாடு இல்லை. மாடு குளிப்பாட்டுவது, துணி துவைப்பது கண்மாயில் நடக்கும்வரை அந்த அளவு போதும். கண்மாய் வற்றும் சித்திரை, வைகாசியில் எல்லாப் பாரமும் குழாய் மேல் விழும். திருவிழா வந்தால் திருப்பூர், சென்னைக்காரர்கள் எல்லாம் வந்து ஊர் இரண்டு மடங்காகிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத அன்று குடிக்கவும் சமைக்கவும் ஊருணிதான். அதனால் நான் எழுதிய கணக்கில் மாதத்துக்கு ஒரு பக்கம்.

இன்னொருவர்:

மடிப்பாக்கத்தாரே, மழையைக் கணக்கில் சேர்க்கவில்லையா?

மடிப்பாக்கம் வாசி:

சேர்த்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. எங்கள் மொட்டைமாடி 1,000 சதுர மீட்டர். வீணாவது போக 11 லட்சம் லிட்டர் பிடிக்கலாம். கேட்டதும் எல்லாருக்கும் வாய் பிளந்தது. 31,000ஆல் வகுத்தால் 35 நாள். அதையும் சேர்த்து வைக்க இடமில்லை, நிலத்துக்குள்தான் விட வேண்டும். அப்புறம் 2003இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோது தோண்டிய மழைநீர்க் குழியைத் தேடினோம். பார்க்கிங்கில் டைல்ஸுக்கு அடியில் இருந்தது, மேலே செயலாளரின் கார்.