எஸ்எஸ்எல்வி-டி1: ஆறு முடுக்கமானிகளும் ஒரே நேரத்தில் எப்படிப் பழுதாகும்?

நெல்லை_ஏரோ (கேள்வி):
இஸ்ரோவின் சிறு செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பறப்பு, 2022 ஆகஸ்ட் 7-ல் ஏவிய எஸ்எஸ்எல்வி-டி1 பற்றிய விளக்கத்தில் ஒரு இடம் பிடிபடவில்லை. மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் ஒழுங்காகவே எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது வந்த அதிர்வில், ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளக்கும் ஆறு முடுக்கமானிகளும் பழுது என்று கணினி முடிவு கட்டிவிட்டது. 356 கிமீ வட்டப்பாதைக்குப் பதில் 356×76 கிமீ (உச்சியில் 356, தாழ்ந்த இடத்தில் 76) நீள்வட்டம்தான் கிடைத்தது. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதானே ஆறு வைக்கிறார்கள்? தரைச் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? எங்கள் கல்லூரி அணி இரண்டடுக்கு சிறு ராக்கெட் ஒன்றுக்கு ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவிகள்) தட்டு வடிவமைக்கிறது, அதற்காகவும் கேட்கிறேன்.

அதிர்வுமேசை:
சென்சார் எதுவும் கெடவில்லை. ஆறும் ஒரே தட்டில் ஒரே அதிர்வை வாங்கி, ஆறும் அளவு வரம்பில் முட்டி நின்றன. தனித்தனியாக வரும் பழுதுக்குத்தான் எண்ணிக்கை உதவும். எல்லாவற்றையும் ஒன்றாக உலுக்குகிற காரணத்துக்கு ஆறு வைத்தாலும் அறுபது வைத்தாலும் ஒன்றுதான். பழுது கண்டறியும் நிரல், வரம்பு மீறல் குறிப்பிட்ட நேரம் நீடித்ததைப் பார்த்து, வடிவமைத்தபடியே அவற்றை ஒதுக்கியது. பறப்பில் அதிர்வு, தரையில் அளந்ததைவிட நீண்ட நேரம் நீடித்ததுதான் சிக்கல்.

தரையில் சிக்காததற்கு வழக்கமான காரணம், சோதனைப் பொருளைப் பிடித்திருக்கும் விதம். பிரிப்பு வளையத்தை விறைப்பான தாங்கியில் பூட்டி வெடித்தால், அதிர்ச்சியின் ஒரு பங்கைத் தாங்கியே வாங்கிக்கொள்ளும். பறப்பில் ஒருபக்கம் எரிந்து தீர்ந்த வெற்று மோட்டார் உறை, மறுபக்கம் லேசான மேலடுக்கு. கருவித்தட்டு தன் இயல் அதிர்வெண்ணில் நெடுநேரம் அதிரும். ஆகவே உண்மையான கட்டமைப்பை, உண்மையான நிறைகளோடு, கயிற்றில் தொங்கவிட்டுப் பிரிப்பை இயக்குங்கள்.

அளவீட்டில் கவனிக்க வேண்டியவை: அதிர்ச்சி நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்ச்சி என்ற படம்) 100 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை வேண்டும், அதற்கு நொடிக்கு ஒரு லட்சம் மாதிரியாவது எடுக்க வேண்டும். சோதனை சென்சாரை மெழுகில் ஒட்டாதீர்கள், திருகில் பிடியுங்கள். பதிவைத் தொகையிட்டுத் திசைவேகம் பாருங்கள். கடைசியில் அது சுழிக்கு வராமல் ஏறிக்கொண்டே போனால் சென்சாரின் சுழிப்புள்ளி நகர்ந்துவிட்டது; அந்தப் பதிவைத் தூக்கிப் போடலாம். 20–2000 ஹெர்ட்ஸ் அதிர்வுமேசைச் சோதனை தனி, அது இதற்கு ஈடாகாது. பலர் ஈடாகும் என்று நினைக்கிறார்கள்.

குலசை_வடக்கு:
பாதைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தவறு எவ்வளவு சின்னது என்று புரியும். 356 கிமீ வட்டப்பாதைக்கு நொடிக்கு சுமார் 7.69 கிமீ வேகம் வேண்டும். 356×76 பாதையின் உச்சியில் அது சுமார் 7.61. குறைவு ஏறக்குறைய 80 மீட்டர்தான், 1 சதவீதம்! ஆனால் 76 கிமீ உயரத்தில் காற்று இருக்கிறது, செயற்கைக்கோள் நிலைக்காது. திட மோட்டாரை நினைத்த நொடியில் அணைக்க முடியாது. அது தரும் வேகத்தின் ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டத்தான் மேலே 50 நியூட்டன் உந்திகள் 16 கொண்ட திரவப் பகுதியை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைகிறது என்று முடுக்கமானிதான் சொல்ல வேண்டும். அதை ஒதுக்கிவிட்டால் திருத்துவதற்கும் வழியில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இரண்டாம் அடுக்கு பிரியும்போது உந்துவிசை ஏறக்குறைய சுழி. அந்த ஒரு நொடிக்கு முடுக்கமானியைக் கேட்காமல் ஈர்ப்பு மாதிரியை மட்டும் நம்பிக் கணக்கை ஓட்டினாலும், எச்ச உந்துவிசையால் முடுக்கம் 0.05 மீ/வி² இருந்தால்கூட, பிழை நொடிக்கு 5 செ.மீ.தான். கொஞ்ச நேரம் காத்திருப்பதற்கு விலையே இல்லை. நிரந்தரமாக ஒதுக்கியதற்கு மொத்தப் பயணமே விலை. உங்கள் நிரலில் பிரிப்புக் கட்டளை போனதும் பழுது என்ற தீர்ப்பை நிறுத்திவையுங்கள், அதிர்வு அடங்கியபின் சென்சாரை மறுபடி சேர்த்துக்கொள்ளவும் வழி வையுங்கள்.

2023 பிப்ரவரி 10-ல் அடுத்த பறப்பான டி2 போனபோது மூன்று இடத்தில் கைவைத்திருந்தார்கள்: இரண்டாம் அடுக்கின் பிரிப்பு அமைப்பு, கருவித்தட்டின் கட்டமைப்பு, நிரல் தர்க்கம். 450 கிமீ பாதை, மூன்று செயற்கைக்கோள்கள், வெற்றி.

நெல்லை_ஏரோ:
நன்றி. சென்சார் பலகையை ரப்பர் மேல் வைத்தால் போதுமா?

அதிர்வுமேசை:
அவசரப்படாதீர்கள். ரப்பர் தாங்கி, தன் இயல் அதிர்வெண்ணுக்கு 1.4 மடங்குக்கு மேல்தான் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே பெருக்கிவிடும். மிகவும் மென்மையாக வைத்தால் பலகை ஆடுவதை, திரும்பலை அளக்கும் ஜைரோ, ராக்கெட்டே திரும்புவதாகப் படித்து, கட்டுப்பாட்டு வளையத்தில் தாமதம் சேரும். பலகையின் நிறைமையம் தாங்கிகளின் நடுவில் விழட்டும். அதைவிட மலிவான வழி: ±16 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 16 மடங்கு) வரை அளக்கும் சென்சாரோடு ±200 ஜி ஒன்றையும், முடிந்தால் வேறொரு தட்டில், வைப்பது. முட்டி நின்ற அளவை மென்பொருள் வடிகட்டியால் மீட்க முடியாது. பிரிப்புக்குக் கரிமருந்து என்றால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் அழுத்தமானியின் அறையைத் தனியாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பின் அழுத்தத்தை உயரம் சட்டென்று இறங்கியதாக அது படிக்கும்.