ஹேம்குண்ட் பாதையில் நீலப் பூ, உடம்பெல்லாம் முள்: என்ன செடி?

ராயபுரம்வாசி:
ஆகஸ்டில் உத்தராகண்ட் இமயமலையில் காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் ஏறும்போது, சுமார் 4,000 மீட்டரில், பாறை இடுக்கில் பார்த்தது. முழங்கால் உயரம். வான நீலத்தில் 4 இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. தண்டு, இலை, மொட்டு எங்கும் முள். போன் ஆப் ஜெரேனியம்னு சொல்லுது. சரியா?

தண்டையார்பேட்டை பசுமை:
ஜெரேனியம் இல்லீங்க. அதுக்கு 5 இதழ், முள் கிடையாது. பூ மலர்ந்த பிறகும் அடியில் 5 புல்லி இதழ் (மொட்டை மூடியிருக்குற பச்சை இதழ்) ஒட்டிக்கிட்டே இருக்கும். உங்க ரெண்டாவது படத்தைப் பெரிசாக்கிப் பாருங்க: மலர்ந்த பூவுக்குக் கீழே புல்லி இதழே இல்ல. பக்கத்து மொட்டை மட்டும் ரெண்டு முள் ஓடு மூடியிருக்கு. மொட்டு விரியும்போதே அந்த ஓடு உதிர்ந்துடும், பாப்பி குடும்பத்தோட வழக்கம் அது. இது இமயமலை நீலப் பாப்பி, மெகனாப்சிஸ் அகுலியாட்டா.

நம்ம பக்கம் தண்டவாள ஓரம், காலி மனையில மஞ்சளாப் பூக்குற பிரம்மதண்டு இதுக்குச் சொந்தம்தான். அதோட முள் காயை ஒருமுறை உத்துப் பார்த்துட்டா மலையில குழப்பமே வராது.

வியாசர்பாடி ஏற்றம்:
குடும்பம் சரி. ஆனா முள்ளை மட்டும் வெச்சு இனத்தை முடிவு பண்ணாதீங்க. இன்னொரு நீலப் பாப்பியான மெகனாப்சிஸ் ஹாரிடுலாவுக்கும் முள் உண்டு, இலை ஓரம் பெரும்பாலும் வெட்டில்லாம இருக்கும். அகுலியாட்டா இலை ஆழமா வெட்டுப்பட்டிருக்கும். இலைப் படம் இருக்கா?

மேலிருந்து பூவை மட்டும் எடுத்தா ஆப் தடுமாறத்தான் செய்யும். பூவின் முகம், பக்கவாட்டு, தண்டோட இலை, மொட்டு அல்லது காய், இப்படி 4 படம் வேணும். அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில வைங்க. உச்சி வெயில்ல நீலம் வெளிறிடும், உங்க நிழல் பூ மேல விழுற மாதிரி நின்னு எடுங்க. இன்னொண்ணு: மேலிதழ் குல்லா மாதிரி கவிழ்ந்த நீலப் பூ கண்டா கை வைக்காதீங்க. சித்த மருத்துவத்தில் நாபின்னு சொல்ற கடும் விஷ இனம் அது.

ராயபுரம்வாசி:
நன்றிங்க. இலை ஆழமா வெட்டுப்பட்டுத்தான் இருக்கு, படம் சேர்த்துட்டேன். அடுத்த தடவை காய் கிடைச்சா மாடியில விதைக்கலாமா?

தண்டையார்பேட்டை பசுமை:
அப்போ அகுலியாட்டாதான். காயைப் பறிக்க வேணாம், தயவுசெய்து. குளிரும் ஈரமும் கேக்குற செடி, நம்ம ஊர் வெயில்ல பிழைக்காது. அதோட, இது சில வருஷம் இலையாவே இருந்து ஒரே தடவை பூத்து, காய் முத்தினதும் பட்டுப்போயிடும். அந்த ஒரு தடவை காய்க்கிற காய்கள்லதான் அந்தச் செடியோட மொத்த விதையும் இருக்கு.