சியோனா இன்டெஸ்டினாலிஸா, ரோபஸ்டாவா? பார்மலின் மாதிரியில் பிரிப்பது எப்படி?

வெள்ளாற்றங்கரை:
பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன். பயிற்சிக்காகக் குளிர்கடல் கடற்பீச்சிகள் 14 கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிளைமவுத்தில் எடுத்தவை, 4 முதல் 9 செ.மீ. வரை நீளம். பார்மலினில் கிடந்து நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. லேபிளில் சியோனா இன்டெஸ்டினாலிஸ் என்று மட்டும் இருக்கிறது. வாய்க்குழலில் 8 மடல், வெளியேற்றுக் குழலில் 6 மடல் எண்ணிவிட்டேன். இதற்கு மேல் எதைப் பார்ப்பது?

தேவனாம்பட்டினம்:
மடல் எண்ணிக்கை எல்லா சியோனாவுக்கும் ஒன்றுதான், அது உதவாது. லேபிளையும் நம்ப வேண்டாம். 2015 வரை இன்டெஸ்டினாலிஸ், ரோபஸ்டா என்ற இரண்டு இனங்களும் ஒரே பெயரில்தான் இருந்தன. ஏ வகை என்றது இன்று ரோபஸ்டா, பி வகைதான் உண்மையான இன்டெஸ்டினாலிஸ். 2002-இல் வெளியான மரபணுத்தொகுதியே இன்டெஸ்டினாலிஸ் என்ற பெயரில் வந்த ரோபஸ்டாதான். இடத்தை வைத்தும் சொல்ல முடியாது. ஆங்கிலக் கால்வாயின் மேற்குப் பகுதியில் இரண்டும் ஒரே துறைமுகத்தில், பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன.

உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறையைப் பாருங்கள். ரோபஸ்டாவின் குழல்களைச் சுற்றி மேலுறையில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும், இன்டெஸ்டினாலிஸில் அந்த இடம் வழவழப்பு. பார்மலினை நன்றாகக் கழுவி, தட்டில் நீருக்குள் வைத்து, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் புடைப்பு தெரியாமல் போகும். 9 செ.மீ. மாதிரியில் தொடங்குங்கள். ஒட்டியிருக்கும் பாசியையும் மண்ணையும் மெல்லிய பிரஷ்ஷால் நீக்கிய பிறகே முடிவு சொல்லுங்கள்.

குருசுக்குப்பம்:
அதற்கு முன் சியோனாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் கடலில் ஆசிடியெல்லா என்ற வேறொரு கடற்பீச்சியும் உண்டு. சியோனாவில் குடல் வளைவு, நீரை வடிகட்டும் செவுள்பைக்குக் கீழே கிடக்கும், ஆசிடியெல்லாவில் செவுள்பையின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். சியோனாவின் உடற்சுவரில் நீளவாக்கில் ஓடும் தசைப்பட்டைகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பசிபிக் மாதிரி கையில் வந்தால் சாவிக்னி என்ற இன்னொரு சியோனா இனத்தையும் சரிபார்க்க வேண்டும். எண்டோஸ்டைலின் (செவுள்பையில் நீளவாக்கில் ஓடும் பள்ளம்) கடைசியில் விரல்போல ஒரு நீட்சி இன்டெஸ்டினாலிஸில் உண்டு, சாவிக்னியில் இல்லை. அறுக்கும்போது எண்டோஸ்டைல் மேல் கத்தரி போனால் அந்த நீட்சி போய்விடும். வாய்க்குழலிலிருந்து அடிவரை, எண்டோஸ்டைலுக்குச் சற்று வலப்பக்கம் தள்ளி வெட்டுங்கள்.

வெள்ளாற்றங்கரை:
நன்றி. ஐந்தாறு மாதிரிகளில் குழல் சுருங்கி மடிப்பாக இருக்கிறது. மடிப்பா புடைப்பா என்று தெரியவில்லை.

தேவனாம்பட்டினம்:
மயக்கமே கொடுக்காமல் நேரே பார்மலினில் போட்டால் அப்படித்தான் ஆகும். இப்போதைக்கு, குழல் பக்க மேலுறையைச் சின்னதாக வெட்டி ஊசியால் விரித்துப் பாருங்கள். மடிப்பு விரிந்துவிடும், புடைப்பு நிற்கும். அப்போதும் தெளியாவிட்டால் "சியோனா எஸ்பி." (இனம் உறுதியாகாத சியோனா) என்றே எழுதுங்கள். அங்கே அரிதாகக் கலப்பினமும் இருப்பதால் ஊகித்துப் பெயர் எழுதுவது சரியில்லை.

குருசுக்குப்பம்:
அடுத்த முறை அனுப்புபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: மயக்கம் கொடுக்க, மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 75 கிராமை 1 லிட்டர் நன்னீரில் கரைத்து, சம அளவு கடல்நீர் சேர்க்க வேண்டும். கரைசல் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். ஊசியால் தொட்டும் குழல் மூடாத நிலை வந்ததும் உடற்சுவர்த் தசையில் ஒரு துண்டு, குடலும் இனப்பெருக்க உறுப்பும் படாமல் வெட்டி 95% எத்தனாலில் போட வேண்டும். மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். மீதி உடலுக்கு, பார்மலின் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு, கொஞ்சம் போராக்ஸ். பார்மலினில் ஊறிய தசையில் சிஓஐ (இனத்தை அடையாளம் காணப் பயன்படும் மரபணு) எடுப்பது பெரும்பாடு.

சிஓஐ வரிசை கிடைத்ததும் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுக்காதீர்கள். 2015-க்கு முன் ஏற்றிய "இன்டெஸ்டினாலிஸ்" பல, ரோபஸ்டாவாகவே இருக்கலாம். ஏ வகையா பி வகையா என்று குறிப்பு உள்ள வரிசையோடு ஒப்பிடுங்கள்.